ஜாக் பென்னியின் மௌனம்

போன சித்திரையில் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு டிவி வேண்டாம், செல்போனை நோண்ட வேண்டாம், தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. கத்திரி வெயில் வேறு. சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு கூடத்து ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, "காதுல கேக்கிற மாதிரி எதையாவது வையேன்டி" என்றார்.

அம்மா காதால் படம் பார்த்த தலைமுறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் வரும் ஒலிச்சித்திரத்தை அரிசி புடைத்துக்கொண்டே கேட்டு, கொட்டகைப் பக்கமே போகாமல் பல படங்களை வசனம் வசனமாக மனப்பாடம் செய்தவர். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் இருந்ததால் இங்கிலீஷும் பிடிபடும். சரி, பார்ப்போம் என்று, இத்தனை வருஷமாக நான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை அன்றைக்கு அம்மாவுக்கும் வைத்தேன். அமெரிக்காவில் சிபிஎஸ் வானொலி ஒலிபரப்பிய 'சஸ்பென்ஸ்' நாடகங்கள்.

1942 ஜூன் 17 அன்று தொடங்கி 1962 செப்டம்பர் 30 வரைக்கும் ஓடிய தொடர் இது. பெரும்பாலும் அரை மணி நேரம். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள். ஒவ்வொரு வாரமும் புதுக் கதை, புது ஆட்கள். அதில் பெரும்பகுதி பத்திரமாகத் தப்பிப் பிழைத்து இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கொலை, மிரட்டல், தப்பி ஓடும் கைதி, பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடக்கிற சத்தம், இவைதான் சரக்கு. ஹாலிவுட்டின் பெரிய பெரிய நட்சத்திரங்களெல்லாம் வரிசையில் வந்து மைக் முன்னால் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அதில் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. நாட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நகைச்சுவை நடிகர்கள் இந்தத் தொடருக்குள் வந்து கொலைகாரனாகவும், கொலைகாரனிடம் மாட்டிக்கொண்டவனாகவும் நடித்தார்கள். பலர் அதில் அசத்தினார்கள்.

அம்மாவுக்கு முதலில் வைத்தது கேரி கிராண்ட் நடித்த 'ஆன் எ கன்ட்ரி ரோட்', 1950 நவம்பரில் வந்தது. ராத்திரி, மழை, இடி. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காரில் போகிறார்கள். ஆள் அரவமில்லாத சாலையில் பெட்ரோல் தீர்ந்துபோகிறது. மனநலக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் தப்பிவிட்டாள், அவள் கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது, ஏற்கெனவே ஆட்களைக் கொன்றிருக்கிறாள் என்று கார் ரேடியோவில் செய்தி வருகிறது. கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து, தன்னை உள்ளே ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறாள்.

கதை இவ்வளவுதான். காரை விட்டு அது எங்கேயும் போவதில்லை. கண்ணாடிக்கு உள்ளே இரண்டு பேர், வெளியே ஒருத்தி. கேரி கிராண்டின் பழைய நகைச்சுவைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய குரல் தெரியும். படபடவென்று, துள்ளலாக, எந்தச் சிக்கலையும் பேச்சாலேயே தாண்டிவிடுகிற குரல். இந்த நாடகத்திலும் அந்தக் குரலோடுதான் ஆரம்பிக்கிறார். பயப்படும் மனைவியைச் சமாதானப்படுத்த வேண்டிய புருஷன் பேச்சை லேசாக வைத்துக்கொள்ளத்தானே பார்ப்பான்? அந்த லேசான பேச்சு வாக்கியத்துக்கு வாக்கியம் கனத்துக்கொண்டே போகிறது. துள்ளல் எப்போது நின்றது என்று நமக்கே தெரிவதில்லை. தெரியும்போது அவரும் பயந்துவிட்டார், நாமும் பயந்துவிட்டோம்.

மழையில் வரும் அந்தப் பெண்ணாக நடித்தவர் ஜெனட் நோலன். ஆர்சன் வெல்ஸ் 1948இல் எடுத்த மேக்பெத் படத்தில் லேடி மேக்பெத் இவர்தான். அவருடைய குரல் வந்த நொடியில் அம்மா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கதவைத் தொறக்காதேன்னு சொல்லு அவன்கிட்ட." அதற்கப்புறம் கடைசிவரை வாயே திறக்கவில்லை. சொட்டு மருந்து நேரம் பதினைந்து நிமிஷம் தள்ளிப்போனது.

கேரி கிராண்டுக்கு இந்தத் தொடர் மேல் தனிப் பிரியம் இருந்தது. வானொலியில் இனி நடிப்பதாக இருந்தால் 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சியில்தான், அங்கேதான் நடிக்க நல்ல வாய்ப்பு கிடைக்கிறது என்று சொன்னவர் அவர். அந்தப் பிரியத்துக்கு அடித்தளம் போட்டவர் ஆரம்ப வருஷங்களின் தயாரிப்பாளரும் இயக்குநருமான வில்லியம் ஸ்பியர். ஒத்திகையை வேண்டுமென்றே குறைவாக வைப்பார். நட்சத்திரம் வசனத்தில் ரொம்பப் பழகிவிட்டால் குரலில் இருக்கும் படபடப்பு போய்விடும் என்பது அவர் கணக்கு. எல்லாமே நேரடி ஒலிபரப்பு. கையில் தாள், எதிரே மைக், பக்கத்தில் இசைக்குழு, இன்னொரு பக்கம் கதவும் பூட்டும் செருப்பும் தொலைபேசியும் வைத்துக்கொண்டு சத்தக்காரர். தவறினால் தவறியதுதான், அழித்து எழுத முடியாது.

அப்படித் தவறியும் இருக்கிறது. 'சாரி, ராங் நம்பர்' இந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற நாடகம், லூசில் ஃப்ளெச்சர் எழுதியது. படுக்கையில் கிடக்கும் நோயாளிப் பெண் ஒருத்தி தொலைபேசி இணைப்புக் குழப்பத்தில் ஒரு கொலைத் திட்டத்தை ஒட்டுக் கேட்டுவிடுகிறாள். அப்புறம் அரை மணி நேரமும் அவள் தொலைபேசியோடு போராடுவதுதான் நாடகம். 1943 மே 25, முதல் ஒலிபரப்பு. ஆக்னஸ் மூர்ஹெட் உயிரைக் கொடுத்து நடித்துக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த, கடைசி வரியில் உள்ளே வர வேண்டிய குரல் சரியான நேரத்துக்கு வரவில்லை. முடிவே குழம்பிப்போனது. அதே மூர்ஹெட் பிறகு அதைத் திரும்பத் திரும்ப நடித்தார், அந்தத் தொடரில் மட்டும் மொத்தம் எட்டுத் தடவை. பின்னாளில் 'பிவிட்ச்ட்' தொலைக்காட்சித் தொடரில் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும் சூனியக்கார மாமியாராக வந்து உலகத்தைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பார்த்தால் தெரியும், குரலை உயர்த்துவதும் உடைப்பதும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒன்றில் சிரிக்கிறோம், இன்னொன்றில் கை சில்லிட்டுப் போகிறது.

இரண்டாம் நாள் லூசில் பால். இவரை அம்மாவுக்கும் தெரியும், எப்போதோ பக்கத்து வீட்டு டிவியில் 'ஐ லவ் லூசி' பார்த்திருக்கிறார். ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாங்கள் கேட்ட 'எ டைம் எ டான்ஸ்' (டைம் என்றால் பத்து சென்ட் நாணயம்) ஒலிபரப்பானது 1944 ஜனவரியில். 'ஐ லவ் லூசி' தொடங்கியது 1951இல். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு லூசில் பால் இன்னும் பெரிய சிரிப்பு நடிகை இல்லை, அழகான சினிமா நடிகை, அவ்வளவுதான். முகத்தை அஷ்டகோணலாக்கி, சாக்லேட்டை வாயில் திணித்துக்கொள்ளும் லூசியை நினைத்தபடி இதைக் கேட்பது நாம்தான்.

கதை கார்னல் உல்ரிச்சுடையது. பத்து சென்ட் கொடுத்தால் ஒரு பாட்டுக்குக் கூட ஆடும் பெண்கள் இருக்கும் நடனக்கூடம். அந்தப் பெண்களை ஒருவன் தேடித் தேடிக் கொல்கிறான். அவனைப் பிடிக்கும் முயற்சியில் அங்கே ஆடுகிற ஒருத்தியே இறங்குகிறாள். லூசில் பால் அந்தப் பெண்ணை அசதியான குரலில் பேசுகிறார். ராத்திரி முழுக்க நின்று கால் வீங்கிப்போனவளின் குரல். அதில் அழுகை கிடையாது, கெஞ்சல் கிடையாது. "வாழ்க்கை இப்படித்தான், நான் என்ன பண்ணட்டும்" என்பதுபோல் பேசுகிறவள் பயப்படும்போது, அந்தப் பயத்தை நாம் நம்பிவிடுகிறோம். பின்னாளில் அவர் நகைச்சுவையில் கோலோச்சியதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. என்ன கூத்து நடந்தாலும் லூசி அதை முழுசாக நம்பிச் செய்வார்.

நகைச்சுவை நடிகர்கள் சாரிசாரியாக வரத் தொடங்கியது 1940களின் கடைசியில்தான். நிகழ்ச்சிக்கு அப்போது விளம்பரதாரர் ஆட்டோலைட், காருக்கான ஸ்பார்க் பிளக், பேட்டரி விற்ற கம்பெனி. 1948இலிருந்து 1954 வரை அவர்கள் காசில்தான் ஓடியது. காரில் மாட்டிக்கொண்டவர்களின் கதை நடுவில் நின்று, ஹார்லோ வில்காக்ஸ் வந்து ஸ்பார்க் பிளக்கின் அருமை பெருமைகளைச் சொல்லுவார். கேட்கும்போது பல்லைக் கடிக்கத் தோன்றும். ஆனால் கதைக்கு அது ஒத்தாசைதான் செய்தது. ஒரு முழு நிமிஷம் நம்மைக் காத்திருக்க வைத்துவிடும் அல்லவா?

இதே வில்காக்ஸ்தான் 'ஃபிப்பர் மக்கீ அண்ட் மாலி' நகைச்சுவைத் தொடரின் அறிவிப்பாளரும். 1935இலிருந்து அமெரிக்க வீடுகளில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்ட ஜோடி ஃபிப்பரும் மாலியும். ஜிம் ஜோர்டன், மேரியன் ஜோர்டன் என்ற நிஜத் தம்பதிதான் நடித்தவர்கள். அந்த வீட்டில் ஓர் அலமாரி உண்டு. கதவைத் திறந்ததும் உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் சடசடவென்று சரிந்து விழும், கடைசியில் ஒரு சின்ன மணி மட்டும் 'டிங்' என்று ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஜனங்கள் காத்திருப்பார்களாம். 1949 பிப்ரவரியில் இவர்களை 'சஸ்பென்ஸ்' கூட்டிக்கொண்டு வந்தது. நாடகத்தின் பெயர் 'பேக்ஸீட் டிரைவர்'. சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பும் சாதாரண நடுத்தர வயதுத் தம்பதி. ஊரில் கொலைகாரன் ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் இவர்களுடைய காரின் பின்சீட்டில் இருக்கிறான்.

எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட ஒரு படி மேல். முதல் சில நிமிஷங்கள் அவர்கள் பேசிக்கொள்வது நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும். வண்டியை இப்படி ஓட்டு, அங்கே திரும்பாதே, நான் சொன்னேனே கேட்டியா. பல வருஷம் சேர்ந்து நடித்து, அதைவிட அதிக வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேருக்குத்தான் அந்த இடைவெளியே இல்லாத பேச்சு வரும். ஒருத்தர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மற்றவர் எடுத்துக்கொள்வார். பின்சீட்டிலிருந்து மூன்றாவது குரல் வந்ததும் அந்தப் பேச்சு அப்படியே அறுந்துபோகிறது. அப்புறம் இருவரும் பேசுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கிறார்கள். அவ்வளவுதான் மாற்றம். அது போதும். முப்பது வருஷம் பழகிய பேச்சை ஒருவன் துப்பாக்கியால் நிறுத்திவிட்டான் என்று நமக்குக் காதே சொல்லிவிடுகிறது.

1949 என்ற அந்த ஒரே வருஷத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். டேனி கே, பாப் ஹோப், ரெட் ஸ்கெல்டன். ஸ்கெல்டன் நடித்த 'தி சர்ச் ஃபார் இசபெல்' கதையின் முடிச்சு எனக்குப் பிடிக்கும். ஒருவனுக்குப் புதுத் தொலைபேசி எண் கிடைக்கிறது. அது முன்பு இசபெல் என்ற பெண்ணுடையதாக இருந்த எண். யார் யாரோ கூப்பிட்டு இசபெல் இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்தே இராத ஒருத்தியைப் பற்றி அவனுக்கு ஆவல் முளைக்கிறது. செல்போன் சிம் மாற்றி, பழைய ஆளைத் தேடி வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லி அலுத்த நமக்கு இது நேற்று எழுதிய கதை மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் மில்டன் பெர்ல் வந்தார். அப்போது அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் பெரிய நட்சத்திரம். அவருக்குக் கிடைத்தது கொலை செய்துவிட்டுப் பைத்தியமாக நடிக்கும் ஒரு நடிகனின் வேடம். அவருடைய மிகை நடிப்பு அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. பாப் ஹோப் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அவர் வாயைத் திறந்தால் அடுத்து ஜோக் வரப்போகிறது என்றே மனசு காத்திருக்கிறது.

இந்தக் காலத்தின் நடுநாயகம் எலியட் லூயிஸ். 1950இலிருந்து 1954 வரை தொடரை நடத்தியவர். 'ஆன் எ கன்ட்ரி ரோட்' அவர் பொறுப்பில் வந்ததுதான். அதில் கேரி கிராண்டின் மனைவியாக நடித்த கேத்தி லூயிஸ் இவருடைய நிஜ மனைவி. எலியட் லூயிஸ் வெறும் இயக்குநர் இல்லை, நல்ல நகைச்சுவை நடிகர். பில் ஹாரிஸ், ஆலிஸ் ஃபே தம்பதியின் வானொலி நகைச்சுவைத் தொடரில் ஃபிராங்கி ரெம்லி என்ற பாத்திரம் அவர். ஹாரிஸை வாரா வாரம் வம்பில் மாட்டிவிடும் குடிகாரக் கூட்டாளி. வாரத்தில் ஒரு நாள் ஹாரிஸோடு நின்று கூத்தடிப்பார், இன்னொரு நாள் கண்ணாடி அறைக்குள் நின்று கொலைக்கதைக்குச் சைகை கொடுப்பார். 1951 மே மாதம் ஹாரிஸையும் ஆலிஸ் ஃபேயையும் அவர் தன் இடத்துக்குக் கூட்டி வந்தார். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக்குழுத் தலைவனின் ஓட்டல் அறையில் ஓர் இளம் ரசிகை செத்துக் கிடக்கிறாள். ஊரே திரண்டு அவனைத் தேடி வருகிறது. 'டெத் ஆன் மை ஹேண்ட்ஸ்' என்று பெயர். இத்தனை நாள் அலட்சியமாக, அலம்பலாகக் கேட்ட ஹாரிஸின் குரல் அதில் வற்றிப்போய் வருகிறது. அந்தக் குரலின் அடிமட்டம் வரை தெரிந்த நண்பன்தான் எதிரே நின்று இயக்கியிருக்கிறான். அதனால்தான் அது கைகூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த பில் ஹாரிஸ் முதலில் யாருடைய நிகழ்ச்சியில் இசைக்குழுத் தலைவராக இருந்தார் தெரியுமா? ஜாக் பென்னி.

பென்னியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: 1932இலிருந்து 1955 வரை வானொலியில் நகைச்சுவை என்றால் இவர்தான். மகா கஞ்சன், வயது எப்போதும் முப்பத்தொன்பது, காதைப் பிளக்கும் வயலின், ஓட்டை உடைசல் மேக்ஸ்வெல் கார். எல்லாம் அவரே கட்டிய பாத்திரம். நிஜத்தில் தாராள மனசுக்காரர், வயலினும் ஒழுங்காகவே வாசிப்பார். 1949 ஜனவரியில் என்பிசியை விட்டு சிபிஎஸ் நிலையத்துக்கு மாறினார். அந்த நிலையத்தின் தலைவர் வில்லியம் பேலி பெரிய பெரிய நகைச்சுவை நட்சத்திரங்களைப் பணம் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்த காலம். ஆக, 'சஸ்பென்ஸ்' இருந்த அதே கூரைக்குக் கீழே பென்னியும் வந்து சேர்ந்தார். 1951இல் தொடங்கி நான்கு வருஷமும் வருஷத்துக்கு ஒன்றாக நாடகங்கள் நடித்தார். முதலாவதில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் சாதுவான மனிதர். இன்னொன்றில் செவ்வாய்க் கிரகவாசி. பூமியிலிருந்து வரும் முதல் ராக்கெட்டைச் செவ்வாயிலிருந்து பார்க்கும் கதை அது.

1954 ஜனவரியில் வந்த 'தி ஃபேஸ் இஸ் ஃபெமிலியர்'தான் எனக்கு உயிர். யார் மனதிலும் நிற்காத முகம் உள்ள ஒருவனின் கதை. பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துவிடுவார்கள். அப்படி ஒரு முகம் யாருக்கு உதவும்? வங்கிக் கொள்ளைக்காரர்களுக்கு. அவனைக் கண்டுகொள்ள ஒரு பெண் வருகிறாள், முதன்முறையாகத் தன்னை ஒருத்தி நினைவில் வைத்திருக்கிறாள் என்று அவன் உருகிப்போகிறான்.

அமெரிக்காவில் அன்றைக்கு அதிகம் பேருக்குப் பழக்கமான குரல்களில் ஒன்று பென்னியுடையது. அந்தக் குரலைக் கூப்பிட்டு, யாருக்கும் நினைவில் நிற்காத மனிதனாகப் பேசு என்று கொடுத்திருக்கிறார்கள். அதுவும் முகமே இல்லாத வானொலியில்! அவர் அதை ரொம்ப மென்மையாகச் செய்கிறார். சிரிப்பு மூட்ட வேண்டிய இடத்தில் மூட்டுகிறார், ஆனால் அந்த மனிதனைக் கிண்டல் செய்யவே இல்லை. யாராவது அவனை மறந்துபோகும்போது பென்னி உடனே பதில் சொல்லமாட்டார். ஒரு மூச்சளவு பொறுப்பார். பழகிய வலியை விழுங்கிக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு.

அதுவரைக்கும் கைவிரலால் சேர் கட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அம்மா அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "யாருடி இந்த ஆளு? இவன் பேசாம இருக்கறப்பதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

பென்னி பெரிய நகைச்சுவை நடிகர் என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா அவருடைய ஒரு ஜோக்கைக்கூடக் கேட்டதில்லை. இத்தனை நாள் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. இந்த நாடகங்கள் நம்மை இப்படிப் பிடித்து உலுக்குவது, நமக்குப் பழகிய சிரிப்பு நடிகர் ஆபத்தில் மாட்டிக்கொண்டதாலா? அல்லது அவர்கள் கையில் இருக்கும் வித்தையாலா? ஒன்றுமே தெரியாமல் கேட்ட அம்மா நேராக மௌனத்தில் போய் விரலை வைத்துவிட்டார். பழக்கமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஜோர்டன் தம்பதியைப் பதினான்கு வருஷம் கேட்டவர்களுக்கு அந்தப் பின்சீட்டுக்காரன் தங்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அந்த வீடுகள் போய், அந்த ரசிகர்களும் போனபிறகு எழுபது வருஷம் தாண்டி நிற்பது வித்தைதான். நகைச்சுவை நடிகனுக்கு ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரியும். அரை நொடி முந்தினால் சிரிப்பு வராது, அரை நொடி பிந்தினால் செத்துப்போகும். ஒவ்வொரு வாரமும் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் முன்னால் நின்று உரசி உரசிக் கற்ற கணக்கு அது. பயமும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது.

மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. செல்போனில் சார்ஜ் இருந்தது, ஹாலிவுட் நடிகர் ரொனால்ட் கோல்மன் நடித்த 'ஆகஸ்ட் ஹீட்' வைத்தேன். 1945 மே 31 ஒலிபரப்பு, டபிள்யூ. எஃப். ஹார்வியின் கதை. தாங்க முடியாத வெக்கையில் ஓர் ஓவியர் தன்னை அறியாமல் ஒரு படம் வரைகிறார், குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஒரு தடித்த மனிதன். பிறகு காலாற நடந்து போய் ஒரு கல்தச்சன் பட்டறைக்குள் நுழைகிறார். வரைந்த அதே முகம். அந்த ஆள் கல்லறைக் கல் ஒன்றில் எழுத்து கொத்திக்கொண்டிருக்கிறான். கல்லில் இருப்பது ஓவியருடைய பெயர், பிறந்த தேதி, கூடவே இன்னொரு தேதி. அன்றைய தேதி.

இருவரும் படித்தவர்கள் மாதிரி, மரியாதையாக, இதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நள்ளிரவு தாண்டும்வரை இங்கேயே இருந்துவிடுங்கள், வெளியே போனால் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்கிறான் கல்தச்சன். ஓவியரும் இருக்கிறார். இவன் பக்கத்தில் உட்கார்ந்து உளியைச் சாணை பிடிக்கிறான். வெக்கை குறையவில்லை. கதை அங்கேயே நிற்கிறது. கோல்மனின் குரல் வெல்வெட் மாதிரி. ஒரு இடத்திலும் உயராது. உயராததால்தான் நெஞ்சு அடைக்கிறது. கதை முடிந்தும் இருட்டில் நாங்கள் இருவரும் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் பனையோலை விசிறி சேரில் உரசும் சத்தம்கூட அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டோலைட் 1954இல் விலகியது, நட்சத்திரங்கள் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அதற்கப்புறமும் எட்டு வருஷம் இழுத்துப் பிடித்தார்கள். நல்ல நாடகங்கள் பிற்காலத்திலும் உண்டு, ஆனால் பெரிய சிரிப்புக்காரர்கள் ஒரு நாள் விருந்தாளியாக வந்து நம்மை நடுங்க வைத்துப்போன அந்தக் காலம் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து அம்மாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி டிவி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் டிவி போடச் சொல்லாமல், "அந்த மௌனக்காரன் வேற ஏதாவது பேசியிருக்கானா?" என்று கேட்டார்.

பென்னியின் சொந்த நகைச்சுவை நிகழ்ச்சியை வைத்தேன், 1948 மார்ச் 28 அன்று வந்தது. முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு எட்டு நாள் முன்னால் ரொனால்ட் கோல்மனுக்கு ஆஸ்கர் கிடைத்திருந்தது, நிஜமாகவே. நிகழ்ச்சியில் கோல்மன், பென்னியின் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு பென்னி ராத்திரியில் தனியாக நடந்து வருகிறார். தெருவில் காலடிச் சத்தம். இருட்டிலிருந்து ஒருவன் தீப்பெட்டி கேட்கிற மாதிரி நெருங்குகிறான். உடனே துப்பாக்கி. காசா, உயிரா என்கிறான்.

பென்னி பேசவில்லை.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். கை என் முழங்கையை வந்து பற்றியது. தெருவில் ஒரு மனிதன் சாகப்போகிறான் என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்க அரங்கத்தில் ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், சிரிப்பு பெருகிக்கொண்டே போனது. அம்மாவுக்கு அது ஏனென்று பிடிபடவில்லை, என் பக்கம் திரும்பினார். திருடன் பொறுமையிழந்து மறுபடியும் கேட்டான், காசா உயிரா என்றல்லவா கேட்டேன்?

"யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று பென்னி கத்தினார்.

அம்மா என் கையை விடாமலேயே சிரித்தார். புதுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கசக்கக் கூடாது, கசக்கக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல, "அவன் மறுபடி பேசாம இருக்கறதை ஒரு தடவை வைடி" என்றார்.